மாலை போட்டாலும் மாத்திரை போடுங்க!

இந்த வாரத் தபாலைப் பிரித்தால் ஒரு பக்கம் விபூதி வாசனை, மறுபக்கம் டிஞ்சர் வாசனை. கேட்டவர்களுக்குச் சாமி வேறு வேறு, சந்தேகம் ஒன்றுதான். மாமா வரிசையாக வருகிறேன்.

திண்டுக்கல் வாசகர்: சாமி கும்பிடுகிறவர்கள் அதிக நாள் வாழ்வார்களாமே, நிஜமா?

அமெரிக்காவில் 74,534 நர்ஸம்மாக்களை 16 வருஷம் விடாமல் கவனித்து, 2016-ல் முடிவைச் சொன்னார்கள். வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் சர்ச்சுக்குப் போனவர்களிடம், போகவே போகாதவர்களைவிட மரணம் 33 சதவீதம் குறைவு.

கும்பிட்டதாலா, போனதாலா? அங்கேதான் சூட்சுமம். போனவர்கள் சிகரெட்டைக் குறைவாகத் தொட்டார்கள். மனச்சோர்வும் அவர்களிடம் குறைவு. "என்னம்மா, போன வாரம் காணோமே" என்று விசாரிக்க நாலு பேர் இருந்தார்கள். கிடைத்த லாபத்தில் ஏறக்குறைய கால் பங்கு அந்த நாலு பேர் கணக்கில் வருகிறது. சாமி தூணிலும் இருப்பார், துரும்பிலும் இருப்பார். விசாரிக்கிற ஆள் கோயில் வாசலில்தான் கிடைப்பார்.

அதே ஊர் இன்னொரு வாசகர்: டிவியில் கும்பாபிஷேகம் பார்த்தால் அந்தப் பலன் உண்டா?

டிவி உங்களை "காணோமே" என்று கேட்காது.

நாகர்கோவில் வாசகி: அண்ணனுக்கு பைபாஸ். ஊரே ஜெபம் செய்கிறது. பலிக்குமா மாமா?

2006-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று. 6 ஆஸ்பத்திரிகள், பைபாஸ் செய்துகொண்ட 1,802 பேர். முகம் தெரியாத ஜெபக் குழுக்கள் 14 நாள் வேண்டிக்கொண்டார்கள். ஜெபம் நடப்பது உறுதியாகத் தெரியாதவர்களில் 52 சதவீதம் பேருக்குச் சிக்கல். ஜெபமே நடக்காதவர்களில் 51. "உங்களுக்காகக் கட்டாயம் ஜெபம் நடக்கிறது" என்று சொல்லப்பட்டவர்களில் 59!

"எனக்காகக் கூட்டம் போட்டு ஜெபிக்கிறாங்கன்னா நிலைமை அவ்வளவு மோசமா?" என்று அவர்கள் பயந்திருக்கலாம் என்று ஆய்வாளர்களே யோசித்தார்கள். ஆகவே தாயே, அண்ணன் கட்டிலருகே நின்று அழுதுகொண்டே ஜெபிக்க வேண்டாம். வேண்டுதல் மனசில் இருக்கட்டும். கையில் இட்லிப் பொட்டலம் இருக்கட்டும். ராத்திரித் துணைக்கு ஒரு ஆள் இருக்கட்டும்.

காரைக்குடி வாசகர்: நாடே வேண்டிக்கொண்டால் பலிக்கும் என்கிறாரே என் மாமனார்?

"ராஜா நீடூழி வாழ்க" என்று இங்கிலாந்து முழுக்க ஞாயிறுதோறும் வேண்டினார்கள். 1872-ல் பிரான்சிஸ் கால்டன் என்ற கணக்குப்புலி ஆயுளைக் கூட்டிப் பார்த்தார். ராஜ வம்சத்தாரின் சராசரி 64. வக்கீல், வியாபாரி, பாதிரியார் எல்லாரும் அதைவிட அதிகம். பாதிரியார் டாக்டரையும் முந்தினார். இந்தக் கடைசி வரியை மட்டும் மாமனாரிடம் காட்டுங்கள், சந்தோஷப்படுவார்.

கும்பகோணம் வாசகி: தினமும் ஜபம் செய்கிறேன். பிபி குறையுமா?

மூச்சின் வேகம் குறையும், அதனால் நன்மை உண்டு. 2001-ல் இத்தாலிய மருத்துவர்கள் லத்தீன் ஜெபமாலையையும் "ஓம் மணி பத்மே" மந்திரத்தையும் சொல்லவைத்து அளந்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 ஆக இறங்கியது. ரத்த அழுத்தத்தைச் சமன் செய்கிற நரம்புப் பொறியும் சுறுசுறுப்பானது. மேரி மாதாவும் திபெத்துப் புத்தரும் ஒரே தாளத்தில் சந்தித்த இடம் நெஞ்சுக்கூடு!

ஜபமாலையை உருட்டுங்கள். மாத்திரையை விழுங்குங்கள். மாற்றிச் செய்துவிடாதீர்கள்.

ஸ்ரீரங்கம் வாசகர்: ஏகாதசி விரதத்துக்கே நோபல் பரிசு கொடுத்துவிட்டார்களாமே! வாட்ஸ்அப்பில் வந்தது.

2016-ல் பரிசு வாங்கியவர் ஜப்பானின் யோஷினோரி ஓசுமி. அவர் ஆராய்ந்தது ரொட்டிக்குப் போடுகிற ஈஸ்ட். பட்டினி கிடக்கிற செல் தன் குப்பையைத் தானே உடைத்து உபயோகப்படுத்திக்கொள்ளும் வித்தையை அதில் கண்டுபிடித்தார். ஏகாதசியும் துவாதசியும் அவர் பட்டியலில் இல்லை.

இருந்தாலும் பட்டினி பட்டினிதானே என்பீர்கள். நம் வீட்டு ஏகாதசியில் சோறுதான் கிடையாது. கோதுமை உப்புமா உண்டு, ஜவ்வரிசி வடை உண்டு, சேமியாப் பாயசம் உண்டு. ஓசுமியின் ஈஸ்ட்டுக்கு இந்த வசதி எதுவும் இல்லை.

பழனி வாசகர்: பிரசாதம் சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்கிறாள் மனைவி.

பிரசாதம் என்பது மனசுக்குத் தெரியும். கணையத்துக்கு அது வாழைப்பழமும் வெல்லமும் தேனும்தான். விரல்நுனி பஞ்சாமிர்தத்திலும் முருகன் முழுசாக இருக்கிறான், டப்பாவைக் காலி செய்துதான் அவனைத் தேடவேண்டும் என்பதில்லை.

கீழக்கரை வாசகர்: எனக்குச் சர்க்கரை. ரமலான் நோன்பை விட மனசு வரவில்லை.

மனசு புரிகிறது பாய். ஆனால் நோயாளிக்கு விலக்கு கொடுத்திருப்பது டாக்டர் அல்ல, குர்ஆன். நோன்பு வைக்க முடியாதவர் நாளுக்கு ஒரு ஏழைக்குச் சாப்பாடு போடும் ஃபித்யாவும் அதில் உண்டு. கொடுத்தவனே கொடுத்த சலுகையை வேண்டாம் என்பது எந்த மரியாதை?

13 நாடுகளில் 12,000-க்கும் மேற்பட்ட சர்க்கரைக்காரர்களை விசாரித்து 2004-ல் ஒரு கணக்கு வந்தது. வயசான பிறகு வருகிற வகைச் சர்க்கரை உள்ளவர்களிடம், சர்க்கரை திடீரென்று ஆபத்தாக இறங்குவது ரமலான் மாதத்தில் ஏழரை மடங்கு. ஏழரை என்ற எண் நம் ஊரில் எந்த மதத்துக்காரருக்கும் ஆகாது.

வைத்தே தீருவேன் என்றால், பிறை பார்ப்பதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே டாக்டரைப் பாருங்கள். மாத்திரை அளவையும் நேரத்தையும் சஹருக்கும் இஃப்தாருக்கும் தக்கபடி அவர் மாற்றித் தருவார். பகலில் விரலைக் குத்திச் சோதித்தால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் அந்த நொடியே நோன்பைத் திறந்துவிடுங்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு கொஞ்ச நேரம்தானே என்று மல்லுக்கட்ட வேண்டாம்.

மேல்மலையனூர் வாசகர்: தீ மிதிக்கிறவர்களுக்குக் கால் சுடாதது அம்மன் அருளா, விஞ்ஞானமா?

கரி சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். மேலே சாம்பல் ஒரு போர்வை. ஒவ்வொரு அடியும் ஒரு நொடிக்கும் குறைவு. அதே சூட்டில் இரும்புத் தகட்டைப் போட்டு நடக்கச் சொன்னால் அம்மனே தடுத்துவிடுவாள். பயம் இல்லாமல் சீராக நடக்கிற தைரியத்தைக் கொடுத்தது பக்தி. அந்தப் பங்கை நான் குறைக்க மாட்டேன்.

மதுரை வாசகி: வெறுங்காலோடு பிராகாரம் சுற்றினால் சர்க்கரை குறையுமா?

சுற்றினால் குறையும். வெறுங்கால்தான் வில்லங்கம். இப்போதுதான் கரியைப் பற்றிச் சொன்னேன். கோயில் கருங்கல் கரியைவிடப் பல மடங்கு வேகமாகச் சூட்டைக் காலுக்குள் ஏற்றும். சர்க்கரையில் நரம்பு மரத்த கால் அதைச் சொல்லாது.

என் நண்பர் ஒருவர் சித்திரை மாதத்தில் உச்சிவேளையில் நவக்கிரகத்தை ஒன்பது சுற்றுச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்து, மோர் குடித்து, பேப்பர் படித்தார். சாயங்காலம் கூடம் பெருக்க வந்த அவர் மனைவி மொசைக் தரையைப் பார்த்து நின்றுவிட்டார். வாசலிலிருந்து சாய்வு நாற்காலி வரை வரிசையாக ஈரத் தடம், இடது பாதம் மட்டும். கொப்புளம் உடைந்து நீர் வழிந்திருக்கிறது. அவருக்கு எதுவுமே தெரியவில்லை. இரண்டு விரல்கள் போயின.

காலை எட்டு மணிக்குள் போங்கள், இல்லையென்றால் வெயில் தாழ்ந்து போங்கள். பருத்திக் காலுறையை அனுமதிக்கிற கோயிலில் போட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி படுக்குமுன் முகம் பார்க்கிற கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். சாமி பாதத்தைச் சேவிக்கப் போனவர் தன் பாதத்தைத் தொலைக்கக் கூடாது.

சமயபுரம் வாசகி: பையனுக்கு அம்மை போட்டிருக்கிறது. மருந்து கொடுத்தால் ஆத்தா கோபித்துக்கொள்வாளா?

ஆத்தா வந்த வீட்டில் வாசலில் வேப்பிலை கட்டினோம். வெளியாள் வராதே என்ற எச்சரிக்கை அது. தனி அறை, தனிப் பாய், இளநீர், கூழ், பொருக்கு உதிர்ந்த பிறகு தலைக்குத் தண்ணீர். கிருமி என்ற சொல் தெரியாத காலத்திலேயே எவ்வளவு சரியாகச் செய்திருக்கிறார்கள்! அம்மைக் கொப்புளம் முழுக்கப் பொருக்குத் தட்டும்வரை ஒட்டும் என்றுதான் இன்றைய மருத்துவமும் சொல்கிறது.

ஆனால் அந்த ஆத்தா பெரியம்மைக் காலத்து ஆத்தா. அன்றைக்கு அதற்கு மருந்தே கிடையாது. அந்த நோய் 1975-ல் இந்தியாவை விட்டும், 1980-ல் உலகக் கணக்கை விட்டும் போய்விட்டது. இப்போது உங்கள் பையனுக்கு வந்திருப்பது சின்னம்மை, இதற்கு வைரஸ் எதிர்ப்பு மருந்து உண்டு. பெரியவர்களுக்கு வந்தால் கொப்புளம் கண்ட 24 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது. குழந்தைக்கு ஆஸ்பிரின் மட்டும் தரவே தராதீர்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் இன்றைக்கே டாக்டர். வேப்பிலை வாசலிலேயே இருக்கட்டும், டாக்டர் அதைத் தாண்டி வருவார்.

தஞ்சாவூர் வாசகர்: தடுப்பூசி தெய்வ சித்தத்துக்கு விரோதம் என்கிறார் ஒரு போதகர்.

1721-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பெரியம்மை. தன் வீட்டு ஆப்பிரிக்க அடிமை ஒனேசிமஸ் சொல்லி அம்மைப் பால் குத்தும் முறையைத் தெரிந்துகொண்டு, "குத்திக்கொள்ளுங்கள்" என்று ஊரைக் கெஞ்சியவர் காட்டன் மேதர். அவர் போதகர். முன்னணியில் நின்று எதிர்த்தவர் வில்லியம் டக்ளஸ். அவர் டாக்டர்! போதகர் வீட்டுக்குள் வெடிகுண்டே வீசினார்கள்.

தானாக அம்மை கண்டவர்களில் நூற்றுக்குச் சுமார் 14 பேர் இறந்தார்கள். குத்திக்கொண்டவர்களில் 2. உங்கள் போதகரிடம் இந்தப் போதகர் கதையைச் சொல்லுங்கள்.

ஈரோடு வாசகி: மூன்று வருஷமாகக் குழந்தை இல்லை. அரசமரம் சுற்றச் சொல்கிறார் மாமியார்.

மரத்தை நீங்கள் சுற்றுங்கள், லேபுக்கு உங்கள் வீட்டுக்காரர் போகட்டும். குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் உண்டு. அந்தச் சோதனைதான் இருப்பதிலேயே சுலபம், செலவும் குறைவு. ஆனாலும் மரம் சுற்றச் சொல்வது ஒருத்தியை மட்டும்தான். இது எனக்குப் பொறுக்கவில்லை மருமகளே.

விழுப்புரம் வாசகர்: வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுப்பது ஏன்?

சாவி கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் பெரும்பாலான வலிப்பு ஓரிரண்டு நிமிடத்தில் தானாக நிற்கும். பெயர் சாவிக்குப் போகிறது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அந்தச் சாவியை வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் திருப்புங்கள்.

ராமநாதபுரம் வாசகி: என் தம்பி தனக்குள்ளேயே பேசுகிறான், சிரிக்கிறான். செய்வினை என்கிறார்கள். புண்ணிய ஸ்தலத்தில் கொண்டுபோய்க் கட்டிப்போட்டால் தெளியும் என்கிறார்கள்.

கட்டாதீர்கள் அம்மா.

2001 ஆகஸ்ட் 6, விடிகாலை. உங்கள் மாவட்டத்து ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கூரை பற்றிக்கொண்டது. மற்றவர்கள் ஓடினார்கள். மனநோயாளிகள் 28 பேர் ஓடவில்லை. காலில் சங்கிலி. நிம்மதி தேடி அந்த ஊர் தர்காவுக்கு அழைத்துவரப்பட்டவர்கள் அவர்கள். அவர்களை அழைத்துவந்தது நம்பிக்கை. பூட்டுப் போட்டது மனிதன்.

இன்னொரு பக்கமும் சொல்கிறேன். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவர்கள் தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கிய 31 நோயாளிகளைக் கவனித்து 2002-ல் எழுதினார்கள். மருந்து இல்லை. கூடவே வீட்டார் ஒருவர். காலையில் சின்னப் பூஜை, கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. சில வாரங்களில் நோயின் கடுமை ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. துரத்தாத, அடிக்காத, மதித்து வேலை கொடுக்கிற இடம் அவ்வளவு செய்கிறது. அதோடு மருந்தும் சேர்ந்தால் எவ்வளவு செய்யும்!

ஆகவே தர்காவோ கோயிலோ மாதா சந்நிதியோ, கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள். வழியில் மனநல டாக்டரிடம் இறங்குங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416-க்கு போன் போடுங்கள், தமிழிலேயே பேசுவார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவது 2017-ஆம் வருஷச் சட்டப்படி கூடவே கூடாது.

செங்கல்பட்டு வாசகர்: கோயில் கட்டின காசில் ஆஸ்பத்திரி கட்டியிருக்கலாமே?

உங்கள் ஊரிலிருந்து பாலாற்றங்கரையோடு திருமுக்கூடல் வரை போய்வாருங்கள் தம்பி. வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, வயசு ஏறக்குறைய 950. பெருமாள் கோயிலோடு சேர்த்து "வீரசோழன்" என்ற ஆதுலசாலை, அதாவது ஆஸ்பத்திரி. 15 படுக்கை. மருத்துவர் ஒருவர், பெயர் கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். அறுவை செய்கிறவர் ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், மருந்து காய்ச்ச இரண்டு பெண்கள், நாவிதர் ஒருவர். யார் யாருக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு, கையிருப்பில் என்னென்ன மருந்து, எல்லாம் கல்லில்! இதுவா அதுவா என்று அந்தக் காலத்தவர்கள் பட்டிமன்றம் நடத்தவில்லை. ஒரே மதிலுக்குள் இரண்டையும் வைத்தார்கள்.

வேலூர் வாசகி: மதம் மருத்துவத்துக்குத் தடையா, துணையா?

உங்கள் ஊர்க்காரியிடமே இரண்டுக்கும் விடை இருக்கிறது. ஐடா ஸ்கடர் இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து பிரசவத்துக்கு உதவி கேட்டார்கள். "அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள்" என்றாள் இவள். அந்நிய ஆண் தொடக்கூடாது என்று மூன்று பேரும் திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தார்கள். வெவ்வேறு சாதி, மதம். சாவு மட்டும் ஒரே மாதிரி.

அந்த இரவைக் கடவுளின் அழைப்பாக எடுத்துக்கொண்டு டாக்டருக்குப் படித்து, 1900-ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு ஆரம்பித்தாள். இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரி அதுதான்.

சீர்காழி வாசகர்: வைத்தீஸ்வரன் கோயில் உண்டியலில் வெள்ளிக் கை, வெள்ளிக் கால் போடுவது நம் ஊரில் மட்டும்தானா?

வேளாங்கண்ணியில் மாதாவுக்கும் உண்டு. கிரேக்க நாட்டின் கொரிந்து நகரில் அஸ்கிலேபியஸ் என்ற வைத்தியக் கடவுளுக்கு 2,000 வருஷத்துக்கு முன்பே சுட்ட மண்ணில் கை, கால், காது செய்து சாத்தியிருக்கிறார்கள். வலிக்கிற இடத்தைச் சாமிக்குத் தொட்டுக் காட்டுகிற குழந்தை எல்லா நாட்டுக்காரனுக்குள்ளும் இருக்கிறது.

திருவண்ணாமலை வாசகர்: கடவுளை நேரில் கண்ட ஞானிகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்களா?

ராமகிருஷ்ணருக்குத் தொண்டையில் புற்று. டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் வந்து பார்த்துக்கொண்டே இருந்தார். உங்கள் ஊர் ரமணருக்கு இடது கையில் கட்டி, 1949-ல் மட்டும் நான்கு ஆபரேஷன். போப் இரண்டாம் ஜான் பாலை 1981-ல் சுட்டார்கள். காப்பாற்றியது பாத்திமா மாதா என்று அவர் நம்பினார். ரோம் நகர டாக்டர்கள் மணிக்கணக்காக ஆபரேஷன் செய்தார்கள், அவர் அதையும் மறுக்கவில்லை. இவர்களைவிட நமக்குச் செல்வாக்கா?

சேலம் வாசகர்: சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறேன். விரத காலத்தில் பிபி மாத்திரையை நிறுத்தலாமா?

என் பெரியப்பா நிறுத்தினார்.

கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டார். சாராயம் இல்லை, பீடி இல்லை, விடிகாலைக் குளியல், இரண்டு வேளைச் சைவச் சாப்பாடு. அந்த மூன்று வாரத்தில் இருந்த மாதிரி அவர் முகத்தில் தெளிச்சலை நான் பார்த்ததே இல்லை. அந்த விரதத்தை யாரும் குறை சொல்லக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டேன்.

22-ஆம் நாள் பூஜையில் கற்பூரம் காட்டும்போது தட்டு வலது கையிலிருந்து நழுவியது. பேச்சு குழறியது. பக்கவாதம். ஆஸ்பத்திரியில் "என்ன மாத்திரை சாப்பிடுகிறார்" என்று கேட்டார்கள் என்று பெரியம்மா வீட்டுக்கு ஓடிவந்து தேடினாள். ஐயப்பன் படத்துக்குப் பின்னால் இருந்தது அட்டை. ஒன்றுகூடப் பிதுக்கப்படவில்லை. "சாமி பார்த்துக்கும்" என்று சாமியிடமே கொடுத்து வைத்திருக்கிறார். பதினெட்டாம்படி ஏற வேண்டியவர், அதன்பிறகு வீட்டுத் திண்ணை ஏற இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

மாலை போட்டாலும் மாத்திரை போடுங்கள் சாமி. வழக்கமான மருந்தை நிறுத்த வேண்டாம் என்றுதான் கேரள சுகாதாரத் துறையும் மலைக்கு வருகிறவர்களிடம் சொல்கிறது. நீலிமலை ஏற்றம் இதயத்தைக் கேள்வி கேட்கும். மருந்துச் சீட்டு இருமுடிப் பையிலேயே இருக்கட்டும்.

அதே சேலம், குருசாமி ஒருவர்: கேப்ஸ்யூல் கூட்டில் மாமிசம் கலந்திருக்கிறதே?

ஜெலட்டின் கூடு, மிருகத் தோலும் எலும்பும்தான். சரியான கேள்வி சாமி. அதே மருந்து பல நேரம் வில்லையாகவோ தாவரக் கூட்டிலோ கிடைக்கும். டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கூட்டுக்காக மருந்தை விடாதீர்கள்.

கோயம்புத்தூர் வாசகி: மார்பகப் புற்று, இரண்டாவது கீமோ முடிந்தது. "நீ என்ன பாவம் செய்தாயோ" என்கிறார்கள் உறவினர்கள். எனக்கும் அப்படித் தோன்ற ஆரம்பித்துவிட்டது மாமா.

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன் தாயே. நீங்கள் எதுவும் செய்யவில்லை. உடம்பில் கோடிக்கணக்கான செல் தினமும் தன்னை நகலெடுக்கிறது. ஒரு இடத்தில் எழுத்துப்பிழை, அது திருத்தப்படாமல் போகிறது. புற்று அங்கே ஆரம்பிக்கிறது. பாவக் கணக்கைப் படிக்க செல்லுக்குக் கண் கிடையாது.

அந்த உறவினர்களுக்கு இரண்டு வார்த்தை. மேலே ராமகிருஷ்ணரையும் ரமணரையும் சொன்னேனே, அவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்று சொல்லுங்கள் பார்ப்போம். 2001-ல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் முதிய நோயாளிகள் ஏறக்குறைய 600 பேரை இரண்டு வருஷம் கவனித்தார்கள். "கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார்" என்பது மாதிரி நினைத்து உடைந்தவர்களிடம் மரண ஆபத்து 19 முதல் 28 சதவீதம் கூடுதலாக இருந்தது. அந்த எண்ணத்தைத்தான் நீங்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். இனி பாட்டிலை மட்டும் கொண்டுபோங்கள்.

நீங்கள் சாமியிடம் சண்டை போட வேண்டுமென்றால் போடுங்கள் தாயே. அவர் கேட்டுக்கொள்வார். மூன்றாவது கீமோவுக்குத் தேதி தவறாமல் போங்கள், முடிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

திருச்சி வாசகர்: எல்லாம் சரி, நீங்கள் சாமி கும்பிடுவீர்களா மாமா?

தினமும் காலை ஆறு மணிக்கு. விளக்கேற்றி, திருநீறு இட்டு, பஞ்சபாத்திரத்துத் தீர்த்தம் ஒரு வாய். அதே தீர்த்தத்தில் பிபி மாத்திரையும் உள்ளே போகும். மாத்திரை டப்பா ஐயப்பன் படத்துக்கு முன்னால் இருக்கிறது. பின்னால் வைக்க மாட்டேன்.